தேவையான திருத்தங்கள்

ஜனவரி 11

தம்பிக்கு,

நேற்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு எங்கள் புவியியல் துறை ஒரு வரலாற்று முடிவை எடுத்தது. இனிமேல் துறையில் எவரும் தம் கணினிக் கோப்புகளுக்குக் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று பெயர் வைக்கக் கூடாது. ஏழு பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. வானிலை பார்க்கும் பேராசிரியர், மேகக்காரர் என்று நாம் சொல்வோமே அவர், வாக்களிக்கவில்லை. அவருடைய இருபத்திரண்டு வருட உழைப்பு முழுவதும் 'இதுதான் கடைசி 4' என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறதாம். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றார். இரண்டரை மணி நேரம் விவாதித்தோம். நடுவில் தேநீர் வந்தது. அதற்கு மட்டும் யாரும் திருத்தம் கொண்டுவரவில்லை.

முடிவெடுத்த அமைப்பின் பெயர் மறுசெய்கைக் குழு. ஒருவர் செய்த ஆய்வை இன்னொருவர் அதே தரவை வைத்து, அதே படிகளில் செய்து பார்த்தால் அதே விடை வர வேண்டும். துறையை அந்த நிலைக்குக் கொண்டுவருவது குழுவின் நோக்கம். தலைவர் நான். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

எட்டு மாதமாக நாம் பேசவில்லை என்பது நினைவிருக்கிறது. போனை முதலில் வைத்தது நீ என்பதும். அதைக் கிளற வரவில்லை. உங்கள் நகரமைப்பு அலுவலகம் ஆற்றங்கரைப் பக்கம் கட்டிட அனுமதி கொடுக்க என்னுடைய வெள்ள வரைபடத்தைத்தான் பார்க்கிறதாம், உன் அத்தான் சொன்னார். சந்தோஷம். எனக்கு ஒரு சின்ன உதவி வேண்டும். அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழ் இப்போது பச்சை முத்திரை ஒன்று கொடுக்கிறது. வெளியாள் ஒருவர் ஆய்வைத் திரும்பச் செய்துபார்த்து, 'அதே விடை வந்தது' என்று எழுதிக் கொடுத்தால் கட்டுரையின் தலையில் அதை ஒட்டுவார்கள். எங்கள் துறையில் எவரிடமும் அது இல்லை. குழுத் தலைவரிடமே இல்லையென்றால் பார்க்க நன்றாக இருக்காது.

நீ என் ஆய்வகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன்தான். ஆனால் விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. போகும்போது நீ பேசிய பேச்சுக்கு, வெளியாள் என்பது குறைவான சொல். எனவே தகுதி இருக்கிறது. உன் அலுவலகத் தாளில் நாலு வரி எழுதினால் போதும். செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றில்லை.

இதை மின்னஞ்சலில் அனுப்பாததற்குக் காரணம், பல்கலைக்கழக அஞ்சல்கள் எல்லாம் சேமித்து வைக்கப்படுகின்றன. படித்ததும் கிழித்துவிடு.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மறுசெய்கைக் குழுவின் தலைவர் கிழிக்கச் சொன்ன கடிதம். இப்படி ஒன்று இனி எனக்கு எங்கே கிடைக்கும்?

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு ஒரு கெட்ட புத்தி தோன்றியது, செய்தே பார்த்துவிடலாம் என்று.

கட்டுரையின் அடியில் 'தரவு, கேட்பவர்களுக்கு வழங்கப்படும்' என்று போட்டிருக்கிறாய். கொடுத்திருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டேன். அந்த முகவரியின் சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்றுவிட்டதாகக் கணினி தானே பதில் அனுப்பியது, வாழ்த்துகளுடன். அடுத்து இணைப்பு ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் செருப்பு விற்கிறார்கள், அரை விலைக்கு. கணக்குப் போடும் நிரலாவது இருந்ததே என்று ஓடவிட்டேன். முதல் வரியிலேயே அது, 'அக்கா லேப்டாப், புதிய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் 2' என்ற இடத்தில் ஒரு கோப்பைத் தேடிவிட்டு நின்றுபோனது. அந்த லேப்டாப்பின் மேல் காபி கொட்டியபோது பக்கத்தில் நின்றவன் நான். அது எந்த ஊரிலும் இப்போது இல்லை.

சரி, போகட்டும் என்று நில அளவைத் துறையில் தரைமட்ட உயரத் தரவை வாங்கினேன். தெரு வரைபடம் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. நீ எழுதியிருக்கும் படிகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது. உன் விடை வரவில்லை. உன் வெள்ளக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து அறுபது மீட்டர் கிழக்கே என் கோடு விழுகிறது.

கட்டுரையை மறுபடி வரிவரியாகப் படித்தேன். முப்பத்தோரு பக்கம். எல்லாம் இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்பது மட்டும் இல்லை. பதினான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: 'இரு வரைபட அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்டு, தேவையான திருத்தங்கள் செய்யப்பட்டன.' ஃபிரிட்ஜுக்குள் மறந்துபோன பாத்திரத்தின் மூடியைத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. என்ன திருத்தம்? யாருக்குத் தேவை?

அந்த அறுபது மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் புதிய வார்டு கட்டப்போகும் மனை. பிரசவ அறை கீழ்த்தளத்தில். உன் வரைபடத்தில் அந்த மனை காய்ந்து கிடக்கிறது. என் வரைபடத்தில் முக்கால்வாசி தண்ணீருக்குள். 'வெள்ள அபாயம் இல்லை' என்ற சான்றிதழில் மார்ச் மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் பதில் எழுது.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நீ செய்தே பார்ப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் துறையில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

மென்பொருளின் எந்தப் பதிப்பை வைத்துச் செய்தாய்? பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவே வித்தியாசம் வரும். தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதும் இருக்கிறது. அறுபது மீட்டர் என்பது ஒரு மாவட்டத்தின் அளவில் பார்த்தால் ஒரு பென்சில் கோட்டின் பருமன்தான்.

இதற்கிடையே குழுவின் சார்பாக ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தேன். பல ஊர்களின் புவியியல் ஆய்வாளர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் பதில் அனுப்பினார்கள். மறுசெய்கை முக்கியமா என்ற கேள்விக்கு இருநூற்று ஒன்பது பேர் மிக முக்கியம் என்றார்கள். அப்படியென்றால் என்ன என்ற அடுத்த கேள்விக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் வந்தன. ஒருவர், அதே கட்டுரையை வேறொரு இதழில் வெளியிடுவது என்கிறார். இன்னொருவர், அதே நதிக்கரைக்கு மறுபடி போய்வருவது. அதற்குப் பயணப்படி வேண்டும் என்கிறார். மண் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர், 'என் ஆய்வை என்னாலேயே திரும்பச் செய்ய முடியாது, அவ்வளவு ஆழமானது' என்று பெருமையாக எழுதியிருக்கிறார். மக்களைப் பேட்டி காணும் ஓர் அம்மையார், ஓர் ஊரில் இரண்டாம் தடவை அதே கேள்வியைக் கேட்டால் அடிக்க வருவார்கள் என்கிறார். அவர் ஒருவர்தான் யோசித்துப் பதில் சொன்னவர்.

பிறர் ஆய்வை எப்போதாவது திரும்பச் செய்ய முயன்றதுண்டா? பதினேழு பேர். செய்து முடித்தவர்கள் நான்கு பேர். முடியாமல் போனதை வெளியே சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. ஏன் என்றதற்கு, எழுதியவர் நாளை நம் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பார் என்று பதில். இருநூற்றுப் பதினான்கு தாள்களையும் படித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கணினியில்தான் படித்தேன், இருந்தாலும் கழுவினேன்.

இந்தக் கணிப்பின் முடிவைக் கட்டுரையாக எழுதுகிறேன். கச்சாப் பதில்களைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பாயா என்று உன் அத்தான் சீண்டினார். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

உன் மனை விஷயம் பாவம்தான். ஆனால் அது நகராட்சிக் காரியம். அந்த நாலு வரி?

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

பதினான்காம் பக்கத்துக்கு நீ பதில் எழுதவில்லை.

ஒரு பென்சில் கோட்டின் பருமன் எவ்வளவு என்று நேரில் பார்த்துவரப் போனேன். அளவைக் கருவியோடு, பட்டப்பகலில். மனையின் மேற்கு மூலையில் பழைய டயர்க் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இன்னொரு டயரைக் குடைந்துகொண்டிருந்தார்.

"மழை பெருசா பேஞ்சா தண்ணி எது வரைக்கும் வரும் அண்ணே?"

"பெரிய மழையா, சின்ன மழையா?"

"பெருசு."

ஷட்டரைக் காட்டினார். பூட்டுக்கு நாலு விரல் மேலே பழுப்பாக ஒரு கறை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, சுவர் நீளத்துக்கும் போகிறது. "ஏழு வருசத்துல ரெண்டு தடவ. டயரெல்லாம் மிதந்து போச்சு சார். பாதிய எதுத்த தெருவுல போய்ப் பொறுக்குனேன்."

உன் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்துத் தன் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இதுல என் கடை காஞ்சு கெடக்கே?"

"ஆமா."

"யாரு போட்டது?"

"பெரிய ஆராய்ச்சியாளர். என் அக்காதான்."

"அப்ப அந்த மேப்புலயே ஒரு கடை பாத்துக் குடுக்கச் சொல்லுங்க சார். சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு அங்கேயே குடிபோயிடறேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கருவியை நட்டு ஏழு இடத்தில் உயரம் எடுத்தேன். ஏழும் நான் வாங்கிய தரவோடு பொருந்துகின்றன. தப்பு எங்கே என்றும் தெரிந்துவிட்டது. எங்கள் தெரு வரைபடத்தில் தெருக்கள் சரி, ஆறு சரியில்லை. அதைப் பழைய தாள் ஒன்றிலிருந்து யாரோ கண்ணளவில் வரைந்திருக்கிறார்கள். நிஜ ஆற்றுக்கு அறுபது மீட்டர் மேற்கே அது ஓடுகிறது. உங்கள் ஆய்வகத்தில் யாரோ அந்தப் பொய் ஆற்றோடு பொருந்துவதற்காக உயர அடுக்கு முழுவதையும் மேற்கே நகர்த்தியிருக்கிறார்கள். ஆறு ஆற்றின்மேல் உட்கார்ந்துவிட்டது. ஊரின் பள்ளமெல்லாம் அறுபது மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

எனக்குக் குமட்டுகிறது. தப்பு நடந்ததற்காக இல்லை, தப்பு எவருக்கும் நடக்கும். அதை வழித்து எடுத்து 'தேவையான திருத்தங்கள்' என்ற ஒரு சுத்தமான தட்டில் வைத்துப் பரிமாறியிருக்கிறீர்களே, அதற்காக. மூன்று நிபுணர்கள் அதைப் படித்துத் தலையாட்டி அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாற்பத்தாறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன. நாற்பத்தாறு பேரில் ஒருவனாவது எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டானா? எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் கட்டுரையின் தலைப்பையே தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் ஆணையருக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். ஆய்விதழுக்கும் ஒரு கடிதம் எழுதுகிறேன். நகர்த்தியது யார் என்று இரண்டிலும் கேட்டிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

நேற்றுக் கிடங்கறையைத் திறக்கச் சொல்லி ஆய்வகத்தின் பழைய கணினியை எடுத்துப் போட்டேன். மேகக்காரர் அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தார். அந்தக் கோப்பு கிடைத்தது. 'இதுதான் உண்மையான கடைசி' என்பது அதன் பெயர். அதைப் பற்றி நீ எழுதப்போகும் எல்லாவற்றையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், நீ சிரமப்பட வேண்டாம்.

உயர அடுக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. நிரல் வழியாக இல்லை, மவுஸைப் பிடித்துக் கையால் இழுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் எந்தப் படியிலும் பதிவாகவில்லை. கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் உன் பயனர் பெயர் இருக்கிறது.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கட்டுரையை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நாலரைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு அடுக்கையும் ஒன்றாகத் திறந்தோம். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு. நீ, "ரெண்டு ஆறு ஓடுது அக்கா, நமக்கு ஒண்ணு போதும்" என்றாய். இழுத்தாய். நான் பின்னாலிருந்து பார்த்து, "போதும், விடு" என்றேன். பதினான்காம் பக்க வாக்கியத்தை எழுதியது நான். அதை மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. உன் கடவுச்சொல் கரும்பலகையில் எழுதியிருந்தது. ஆய்வகமே உன் பெயரில்தான் நுழையும். எனவே அது நீயாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நான் நீ என்றுதான் நினைவில் வைத்திருக்கிறேன். கோப்பும் அதைத்தான் சொல்கிறது.

நகர்த்தியது யார் என்று நீ இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். அவர்கள் என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

மூன்று வாரம் நினைத்துப் பார்த்தேன். அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவில் இல்லை. ஆய்வகம் நினைவிருக்கிறது, கிறீச்சிடும் நாற்காலி நினைவிருக்கிறது, இழுத்தது மட்டும் இல்லை. ஆனால் 'ரெண்டு ஆறு ஓடுது, நமக்கு ஒண்ணு போதும்' என்பது நான் பேசுகிற மாதிரியேதான் இருக்கிறது. வேறு எவனும் அந்த நேரத்தில் அப்படி ஒரு கிண்டல் அடித்திருக்க மாட்டான். கண்ணாடியில் பார்த்தால் முகம் புளித்துப்போய்த் தெரிகிறது.

ஆணையர் திங்கட்கிழமை கூப்பிட்டார். என் குறிப்பு மேசைமேல் இருந்தது.

"என்னங்க இது, அடிக்கல் நாட்டியாச்சு, இப்ப வந்து தண்ணி வரும்னு எழுதியிருக்கீங்க. யாரு பண்ண தப்பு? பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே நடவடிக்கை எடுத்துடலாம்."

வாயைத் திறந்தேன். வந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்: "மறுபடி சரிபாத்துட்டேன் சார். என் பக்கம்தான் கணக்கு பிசகிடுச்சு. மனை சுத்தமா இருக்கு."

"அப்பாடா," என்றார். "அப்ப இதைத் திரும்ப எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொண்டேன். அவரே பேனாவையும் நீட்டினார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை. வெளியே வந்து குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன். உனக்குக் கை, எனக்கு வாய். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

நீ கேட்ட நாலு வரி இத்துடன் இருக்கிறது. அதில் பொய் இல்லை. நேற்று அலுவலகத்தில் உட்கார்ந்து உயர அடுக்கை மவுஸால் பிடித்து, இரண்டு ஆறும் ஒன்றாகும் வரை மேற்கே இழுத்தேன். இழுத்ததும் உன் வரைபடம் அச்சு அசலாக வந்தது. ஒரு மயிரிழை பிசகவில்லை. உங்கள் ஆய்வு மறுசெய்கைக்கு உகந்தது என்று மனப்பூர்வமாகச் சான்றளித்திருக்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

முத்திரை வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் அளவு, பச்சை நிறம். கட்டுரையின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் வட்டமாகச் சுற்றும் அம்பு ஒன்று இருக்கிறது. துறையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. துறைத் தலைவர் பேசும்போது, இது ஒரு தனிமனிதரின் வெற்றியில்லை, ஒரு பண்பாட்டின் வெற்றி என்றார். மேகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, வெளியூரில் எனக்கும் ஒரு தம்பி இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் இருந்தது.

முத்திரை பெற்ற முதல் வெள்ள வரைபடம் என்பதால், இன்னும் இரண்டு நகராட்சிகள் அதே முறையைத் தங்கள் ஊருக்குக் கேட்டிருக்கின்றன. குழு அதற்கொரு கையேடு தயாரிக்கிறது. பதினான்காம் பக்க வாக்கியத்தை அதிலிருந்து நான் எடுத்துவிட்டேன். மறுநாள் வேறு ஒருவர், நடை தடைப்படுகிறது என்று அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வார்டின் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டச் சொல்ல முடியுமா? ஏதாவது ஒரு காரணம் எழுதலாம் என்று நான்கு நாள் யோசித்தேன். ஈரப்பதம், எறும்பு, எலி என்று. எந்தக் காரணத்தை எழுதினாலும் மூன்றாவது கேள்வியில் ஆற்றுக்கு வந்து நிற்கிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் செய். எனக்குத் தெரிவிக்க வேண்டாம். தெரிவித்தாலும் நல்லது.

போனை இந்த முறை நான்தான் எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

ஏப்ரல் கடிதம் கிடைத்தது. எலி என்று எழுதிப் பார்த்தேன். கட்டுமானப் பிரிவில் எலிப்பொறி பத்து வாங்கி அனுப்பினார்கள்.

வார்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கீழ்த்தளம், வெள்ளைத் தரை, அகலமான கதவுகள். அக்டோபர் முப்பதாம் தேதி மதியம் தண்ணீர் வரத் தொடங்கியது. மூன்று மணிக்குப் பிரசவ அறைக்குள் முழங்கால் அளவு நின்றது. நோயாளிகளையும் குழந்தைகளையும் நகராட்சி லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். டயர்க் கடைக்காரர் மிதவைக்காக லாரி டியூப்கள் கொடுத்தார். என்னைப் பார்த்தார், அடுத்த டியூபை எடுத்து நீட்டினார்.

கீழ்த்தளத்தை மூடிவிட்டார்கள். மகப்பேறு வார்டு இப்போது மாவட்ட நூலகத்தின் இரண்டாம் மாடியில் இயங்குகிறது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை.

தம்பி